பழுதுபார்த்த காருக்கு எத்தனை நட்சத்திரம்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தம்பதி 2013ஆம் ஆண்டு பழைய ஹோண்டா ஃபிட் கார் ஒன்றை வாங்கினார்கள். 2010ஆம் ஆண்டு மாடல். முந்தைய உரிமையாளரிடம் இருந்தபோது ஆலங்கட்டி மழையில் அதன் கூரை அடிபட்டு, டல்லஸ் நகரில் ஒரு பணிமனையில் புதுக் கூரைத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. வாங்கியவர்களுக்கு இது தெரியாது. அதே ஆண்டு டிசம்பரில், மழை நீரில் வழுக்கிக் கட்டுப்பாட்டை இழந்த பிக்கப் வண்டி ஒன்று அந்தக் கார்மீது மோதியது. கார் தீப்பிடித்தது. வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்ட கணவர் கடும் தீக்காயங்களுக்கு ஆளானார். வழக்கு நடந்தபோதுதான் கூரையின் கதை வெளியே வந்தது. அந்தத் தகட்டை ஸ்பாட் வெல்டிங் செய்து பொருத்த வேண்டும் என்பது ஹோண்டா வகுத்த முறை. பணிமனையோ பசை வைத்து ஒட்டியிருந்தது. 2017 அக்டோபரில் டல்லஸ் நடுவர் குழு ஏறத்தாழ 4.2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதில் முக்கால் பங்கு பணிமனையின் தலையில் விழுந்தது.

தீர்ப்பின் தொகையைவிட, அந்த வழக்கின் சாட்சியத்தில் வெளிப்பட்ட ஒரு விஷயம் முக்கியமானது. காரை எப்படிச் சரிசெய்வது என்பதில் காப்பீட்டு நிறுவனத்தின் சொல்லே எடுபடுகிறது என்று பணிமனைப் பொறுப்பாளர் சொன்னார். வேலையைச் செய்பவர் ஒருவர், அதற்குப் பணம் கொடுப்பவர் இன்னொருவர், அதன் பலனோடு சாலையில் போகிறவர் மூன்றாமவர். விபத்து வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலின் எல்லாச் சிக்கல்களும் இந்த மூன்று பேருக்கும் இடையில்தான் இருக்கின்றன. இதற்கென உலகில் உருவான தரநிலைகள் வெற்றி பெற்ற இடமும் தோற்ற இடமும் அதுவே.

இந்தியாவில் இதைப் பேசுவதற்கு இப்போது நல்ல நேரம். 2023 அக்டோபர் 1 முதல் 'பாரத் என்கேப்' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாகவும், 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் மோதவிட்டு நட்சத்திரம் தருகிறார்கள். இது கட்டாயமல்ல. விரும்புகிற நிறுவனம் தன் காரை அனுப்பலாம். ஆனாலும் டாடாவின் ஹாரியரும் சஃபாரியும் அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றதிலிருந்து, ஷோரூமுக்குப் போகிற நடுத்தரக் குடும்பங்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாக நட்சத்திரத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டன. விருப்ப அடிப்படையிலான ஒரு தரநிலை சந்தையை எப்படி அசைக்கும் என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சான்று இது.

அந்த நட்சத்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்த காருக்கு உரியது. அந்தக் கார் ஒரு முறை மோதி, முன்பக்கம் நொறுங்கி, பட்டறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அதற்கு எத்தனை நட்சத்திரம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை தகுதிச் சான்று தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி விபத்து வண்டியை வாகன ஆய்வாளர் பார்ப்பது உண்டு. அது விபத்துக்கு வண்டியின் கோளாறு காரணமா என்று அறிவதற்காக. சரிசெய்த பிறகு அந்த வண்டி மறுபடி மோதினால் தாங்குமா என்று பார்ப்பதற்கு அல்ல.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக இல்லை. அம்பாசிடர் காலத்துத் தகடு மென்மையான எஃகு. கேஸ் வெல்டிங் சூட்டில் காட்டி, சுத்தியலால் தட்டி, பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. அந்தக் கைத்திறன் சாதாரணமானதல்ல. நம் டிங்கர் தொழிலாளர்கள் வெறும் கையால் தடவிப் பார்த்தே அரை மில்லிமீட்டர் மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் கைக்கு இன்று வருகிற உலோகம் வேறு. காரின் நடுத்தூணான பி-பில்லரில் பல நிறுவனங்கள் போரான் கலந்த எஃகைப் பயன்படுத்துகின்றன. அதை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தும்போதே விரைவாகக் குளிர வைக்கிறார்கள். அதனால் கிடைக்கும் இழுவலிமை 1,500 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். பழைய மென் எஃகைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்தத் தூணில் ஒரு முறை கேஸ் நெருப்பைக் காட்டிவிட்டால் தொழிற்சாலை கொடுத்த வலிமை அந்த இடத்தில் போய்விடும். வெளியே பார்த்தால் நேராக இருக்கும், பெயிண்ட் பளபளக்கும், கதவு அழகாக மூடும். அடுத்த மோதலில் எங்கே மடங்கக் கூடாதோ அங்கே மடங்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்படுகிறது. மோதலின் ஆற்றலை அந்த நசுங்கல் விழுங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். அங்கே 'கெட்டியாக இருக்கட்டும்' என்று ஒரு கூடுதல் இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தால், வாடிக்கையாளருக்குச் செய்த உபகாரம் ஆபத்தாகிவிடும். எந்தக் கட்டத்தில் நசுங்க வேண்டும் என்பது மாறிப்போகும்போது, ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் தவறிப்போகக் கூடும். ஏர்பேக்கின் கதை தனி. 2022 முதல் புதிய கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் அது கட்டாயம். விரிந்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம். அதனால் ஒரு ரெசிஸ்டரைச் செருகி, டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துவிடுகிற மோசடி பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ரேடார் பொருத்திய கார்களில் பம்பர்மேல் தடிமனாகப் பட்டியும் பெயிண்டும் ஏறினால் ரேடாரின் பார்வை மங்கும். முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். இவற்றில் எதையும் கார் உரிமையாளர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து ஒரு சான்று தேவைப்படுகிறது. பார்த்து வாங்க முடிகிற பொருளுக்குச் சந்தை போதும். பார்க்க முடியாத வேலைக்குச் சந்தை போதாது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் செய்ததைப் பார்ப்போம். அமெரிக்காவில் தனிச் சேஸிஸ் இல்லாத ஒற்றைக்கூட்டு உடல் கொண்ட கார்களும் வலிமை கூடிய எஃகும் பெருகியபோது, பணிமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், கார் நிறுவனங்கள் சேர்ந்து 1979இல் 'ஐ-கார்' என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கின. அதற்கும் முன்பே, 1972இல், மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் 'ஏஎஸ்இ' வந்திருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டுமே விருப்ப அடிப்படையிலானவை. அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான பணிமனை உரிமச் சட்டம் எதுவும் இல்லாத இடத்தை அவை நிரப்பின. 2011இல் அங்குள்ள பணிமனைச் சங்கங்கள் சில ஒன்றாக நின்று, கார் தயாரித்த நிறுவனம் வெளியிடும் பழுதுபார்ப்பு முறையே தொழிலின் தரநிலை என்று அறிவித்தன. நல்ல அறிவிப்புதான். ஆனால் அதைப் பின்பற்றுகிறார்களா என்று யார் சரிபார்ப்பது? டல்லஸ் கூரை இந்த இடைவெளியில்தான் சிக்கியது. முறை அச்சில் இருந்தது. வேலை வேறு விதமாக நடந்தது.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. அங்கே காப்பீட்டு நிறுவனங்களே 1969இல் தேட்சம் என்ற ஊரில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவியிருந்தன. மோதிய காரை எப்படிச் சரிசெய்வது, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதே அதன் ஆராய்ச்சி. 2005இல் தொழிலாளர்களுக்குத் தனித்தனியாகச் சோதனை வைத்து அங்கீகாரம் தரும் முறை வந்தது. 2007இல் பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம் 'பாஸ் 125' என்ற விவரக்குறிப்பை வெளியிட்டது. 2014இல் அது வளர்ந்து 'பிஎஸ் 10125' என்ற முழுத் தரநிலை ஆனது. 2022இல் மீண்டும் திருத்தப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. சரியான முறை, சரியான ஆள், சரியான கருவி, சரியான பொருள். இந்த நான்கும் ஒவ்வொரு காருக்கும் இருந்தன என்பதற்குப் பதிவு வேண்டும். வெல்டிங் கருவி முறையாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் தேசிய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். அதாவது தணிக்கையாளரையும் தணிக்கை செய்ய ஆள் உண்டு.

இது சட்டமல்ல. ஆனாலும் பரவியது. காரணம், காப்பீட்டு நிறுவனங்கள் பல, தங்கள் வேலையைப் பெற வேண்டுமானால் இந்தச் சான்று வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதின. அங்கேதான் முணுமுணுப்பும் தொடங்கியது. கருவி வாங்குவதும், ஆளைப் பயிற்சிக்கு அனுப்புவதும், தணிக்கைக் கட்டணம் கட்டுவதும் பணிமனையின் செலவு. அதற்கு ஈடாக மணிக்கூலி உயரவில்லை என்பது பணிமனைக்காரர்களின் நீண்டநாள் புகார். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. உயர்ந்த தரத்தைக் கேட்டுவிட்டுப் பழைய கூலியைத் தருபவர், தரம் குறைவதற்குத் தாமே காரணமாகிறார். கூலி போதாத பணிமனை எங்கே மிச்சம் பிடிக்கும்? யாரும் பார்க்காத வெல்டிங்கில்தான்.

இதற்கிடையே கார் நிறுவனங்களும் தங்கள் சொந்தச் சான்றிதழ்களோடு களமிறங்கின. 2015 மாடல் எஃப்-150 பிக்கப்புக்கு ஃபோர்டு அலுமினிய உடல் கொடுத்தபோது, அதைத் தொடுவதற்கே தனிக் கருவிகளும் தனி இடமும் தேவைப்பட்டன. எஃகுத் துகள் ஒட்டிய கருவி அலுமினியத்தில் பட்டால் அரிப்பு பிடித்துக்கொள்ளும். தொழில்நுட்ப ரீதியில் அந்தக் கட்டுப்பாடு சரிதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் என்று போகும்போது சிறிய பணிமனை மூச்சுத் திணறுகிறது. பொதுவான ஒரே தரநிலை தேவை என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. உலோகத்துக்கு எந்த நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருக்கிறது என்பது தெரியாது. நல்ல வெல்டிங் எல்லாக் காரிலும் நல்ல வெல்டிங்தான்.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளில் ஓடக்கூடிய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவை பட்டறைகளுக்குப் போகின்றன. கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போகிறவை ஒரு பகுதி. மற்றவை தெருமுனை ஒர்க்‌ஷாப்புகளுக்கு. புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பானெட்டும் கதவும் ஹெட்லைட்டும் இல்லாமல் சென்னையின் பழைய கார்கள் பாதி ஓடாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பழைய கதவு நல்ல கதவாக இருக்கலாம். எந்தக் காரிலிருந்து வந்தது, அந்தக் கார் எதனால் கழிக்கப்பட்டது என்று எழுதி வைக்க ஏற்பாடு இல்லை என்பதுதான் பிரச்சினை.

காப்பீட்டு நடைமுறையும் சரியான வேலைக்கு எதிராகவே இழுக்கிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் மாற்றப்படும் உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு 50 சதவீதம். இரும்புப் பாகத்துக்குக் காரின் வயதைப் பொறுத்து. ஐந்து வயதைத் தாண்டி, பத்து வயதைத் தாண்டாத கார் என்றால் 40 சதவீதம். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' காப்பீடு எடுக்காதவர் அந்த 40 சதவீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். தட்டிச் சரிசெய்தால் அந்தக் கழிவு இல்லை. ஆக, மாற்றியே தீர வேண்டிய பாகத்தையும் 'எப்படியாவது தட்டி எடுத்துக் கொடுங்க அண்ணே' என்று உரிமையாளரே கேட்கும்படி கணக்கு அமைந்திருக்கிறது. சேதத்தை மதிப்பிட வருகிற காப்பீட்டு சர்வேயருக்கும் அது செலவு குறைந்த வழி. மறுக்கிற டிங்கர் வாடிக்கையாளரை இழப்பார். இந்தச் சூழலில் ஒரு தொழிலாளியின் நேர்மையை மட்டும் நம்பி நாம் குடும்பத்தோடு காரில் ஏறுவது அவருக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

உடனே 'சட்டம் போடுங்கள், உரிமம் கட்டாயமாக்குங்கள்' என்று குரல் எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நாட்டில் உரிமம் என்றால் ஓர் அலுவலகம், ஒரு வரிசை, ஒரு கையூட்டு. ஒரு சுவரும் கூரையும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். வெல்டிங்கைப் பார்க்க மாட்டார்கள். முதலில் மூடப்படுவது மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை. முதலில் உரிமம் பெறுவது பெரிய முதலீடு வைத்திருப்பவர். விருப்ப அடிப்படையிலான தரநிலை மெதுவாகத்தான் பரவும். ஆனால் அதற்குள் வருகிறவர் தன் வேலையைக் காட்டி வருகிறார். ஊரில் பத்துப் பட்டறைகளில் இரண்டு அப்படி வந்தாலும், மற்ற எட்டையும் பார்த்து 'நீங்கள் ஏன் வரவில்லை' என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்குவார். என்கேப் நட்சத்திரம் செய்தது இதைத்தானே.

பரவச் செய்யும் நெம்புகோல் காப்பீடு. இதற்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் அங்கீகாரம் விருப்ப அடிப்படையிலானது. 2016இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பணமில்லாச் சிகிச்சைக்கான பட்டியலில் இருக்கும் மருத்துவமனைகள் அதன் நுழைவுநிலைச் சான்றையோ, அதற்கு இணையான அரசுத் தரச்சான்றையோ இரண்டு ஆண்டுகளுக்குள் பெற வேண்டும் என்று சொன்னது. கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது, எதிர்ப்பும் வந்தது, உண்மைதான். ஆனாலும் அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்படாத நடுத்தர மருத்துவமனைகள்கூட அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. பணமில்லா கேரேஜ் பட்டியலும் அதே ஆணையத்தின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. மருத்துவமனைக்குக் கேட்டதைப் பட்டறைக்குக் கேட்க என்ன தடை?

கேட்கும்போதே கூலியையும் சேர்த்துப் பேச வேண்டும். இதில் பிரிட்டனின் அனுபவத்தை நாம் திரும்பச் செய்யக் கூடாது. சான்று பெற்ற பட்டறைக்கு மணிக்கூலி இவ்வளவு அதிகம் என்று ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும். வண்டியின் உயிர்காக்கும் கட்டமைப்பைச் சேர்ந்த பாகங்களுக்குத் தேய்மானக் கழிவை நீக்க வேண்டும். முன்பக்கச் சட்டகம், தூண்கள், இருக்கை பெல்ட்டை இறுக்கும் கருவி, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றில் உரிமையாளர் சிக்கனம் பார்க்கும் நிலை இருக்கவே கூடாது. இதனால் பிரீமியம் சற்று உயரலாம். உயரட்டும். பம்பர் கீறலுக்குப் பணம் கேட்டுச் சண்டை போடும் நாம், தூணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

கார் நிறுவனங்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளும் திறக்கப்பட வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதன் பார்வையில் வாகனங்களும் இருக்கின்றன. எந்தத் தூணை எந்த இடத்தில் வெட்டலாம், எங்கே வெட்டவே கூடாது, எத்தனை ஸ்பாட் வேண்டும் என்ற விவரம் நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் சென்டருக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தால், வெளியே இருக்கும் பட்டறையிடம் தரத்தைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அந்த விவரம் தமிழிலும் வேண்டும். படங்களோடு, வேலை செய்பவர் பேசுகிற தமிழில்.

சரிபார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். தணிக்கை என்றால் ஃபைலைப் புரட்டுவது என்றுதான் நம் நாட்டில் பழக்கம். ஆண்டுக்கு ஒரு நாள், முன்கூட்டியே சொல்லிவிட்டு, தரையைக் கழுவி வைத்த பட்டறைக்கு வருகிற தணிக்கையால் ஒரு பயனும் இல்லை. வேலை முடிந்து நிற்கிற காரை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, லைனிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சர்வேயர்களின் மறு ஆய்வு இப்போதே ஓரளவு நடக்கிறது. ஆனால் அது புதுப் பாகம் போட்டார்களா, பழையதைக் காட்டினார்களா என்று பில்லைச் சரிபார்க்கும் வேலையாக நின்றுவிடுகிறது. அதே சர்வேயருக்கு வெல்டிங்கைப் பார்க்கவும் பயிற்சி கொடுத்தால், புதிதாக ஓர் ஆய்வாளர் படையே தேவையில்லை. சென்னையை அடுத்த ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதிய கார்களைச் சோதிப்பதோடு, பழுதுபார்த்த கார்கள் சிலவற்றையும் அங்கே ஆண்டுதோறும் மோதவிட்டு முடிவை வெளியிட்டால், எந்த முறை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதற்கு ஊகம் தேவைப்படாது.

சிறு பட்டறைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது? பட்டறைக்குச் சான்று கொடுப்பதற்கு முன், ஆளுக்குக் கொடுக்கலாம். ஐடிஐகளில் கார் உடல் பழுதுபார்ப்புக்கென்று தனிப் பாடப்பிரிவே இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்யும் டிங்கர்களில் பலர் ஐடிஐ வாசலை மிதித்ததில்லை. குருவிடம் அடியும் திட்டும் வாங்கிக் கற்றவர்கள். அவர்கள் அறிந்ததை அப்படியே சோதித்து அங்கீகரிக்க மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. அதைச் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கும் சடங்காக்காமல் நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வு வேண்டாம். இரண்டு தகடுகளைக் கையில் கொடுத்து ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஆறியதும் உளி வைத்துப் பிரித்துப் பாருங்கள். நல்ல ஸ்பாட் என்றால் வெல்டிங் விடாது, தகடுதான் கிழிந்து பொத்தான் அளவு உலோகம் எதிர்த் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஒரு கார் உடலைக் காட்டி, எந்தெந்த இடத்தில் நெருப்பைக் காட்டக் கூடாது என்று சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். அரை நாளில் முடிகிற சோதனை. அதற்கு வருகிறவருக்கு அன்றைய கூலியும், தேறியவர் இருக்கும் பட்டறைக்கு நல்ல ஸ்பாட் வெல்டிங் கருவி வாங்க வட்டி குறைந்த கடனும் கிடைக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தால் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்ய முடியும்.